வெர்ன் ஹாஸ்கலின் சந்தேகம்

இரங்கல் கூட்டத்துக்கு வைத்திருந்த கேக் பாராசூட் வடிவத்தில் இருந்தது. ஆரஞ்சும் வெள்ளையுமாகப் பட்டை போட்டு, சர்க்கரை நூல்களில் ஒரு சாக்லேட் விண்கலத்தையும் தொங்கவிட்டிருந்தார்கள். வெர்ன் உயிரோடு இருந்திருந்தால், கயிறுகளின் நீளம் சமமாக இல்லையே என்று முதலில் அதைத்தான் சொல்லியிருப்பார். அவருடைய மனைவி நொரீன், யாரோ கையில் திணித்த காகிதத் தட்டோடு அவர் வேலை பார்த்த விண்வெளி ஆய்வகத்தின் கான்டீனில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

கர்ட் டில்லிங்ஹம் ஒலிவாங்கியைப் பிடித்தான். செவ்வாய்க் கிரகத்தில் வீடு அளவுள்ள கலத்தை இறக்கும் திட்டத்துக்கு அவன்தான் தலைவன். பயிற்சிக்கு வந்த பையனாக நொரீன் அவனைப் பார்த்திருக்கிறாள். அந்தக் காலத்தில் அவள் ஆய்வகத்தின் அறிக்கைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். இரண்டு வாக்கியத்தை ஒன்றோடொன்று சேர்த்து வைக்கத் தெரியாதவன் கர்ட். ஆனால் பெயர் வைப்பதில் கெட்டிக்காரன். முதலில் ஒரு பறவையைப் பிடிப்பான். பிறகு அதன் எழுத்துகளுக்குப் பொருத்தமாகச் சொற்களைத் தேடுவான். இந்தத் திட்டத்துக்கு அப்படிச் சிக்கிய பறவை பெலிகன்.

"நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன்," என்று ஆரம்பித்தான். "வெர்ன் என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. 'கர்ட், எனக்குத் திருப்தி. பெலிகனப் பறக்க விடு'ன்னாரு. அவர் என்கிட்ட கடைசியா சொன்னது அதுதான்."

கான்டீன் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம். யாரோ கை தட்ட ஆரம்பிக்க, எல்லோரும் எழுந்து தட்டினார்கள்.

நொரீன் எழவில்லை. கர்ட் ஆஸ்பத்திரிக்கு வந்தது உண்மை. அப்போது வெர்னின் தொண்டைக்குள் மூச்சுக் குழாய் இருந்தது. தண்ணீர் என்று கேட்கக்கூட அவரால் முடியாது. பேனா பிடிக்க முடியாதபடி விரல்கள் வீங்கிக் கிடந்தன. எதிரே தொலைக்காட்சியில் டாட்ஜர்ஸ் அணியின் பேஸ்பால் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கர்ட் சரியாக அதை மறைத்துக்கொண்டு நின்று, தன் திட்டத்தைப் பற்றியும், தன் முதுகுவலியைப் பற்றியும் பேசினான். வெர்ன் கண்ணை மூடிக்கொண்டார். கர்ட் கட்டில் கம்பியில் ஒரு பலூனைக் கட்டிவிட்டுப் போனான். அது வாரம் முடிவதற்குள் மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. அவன் பத்திரமாகத் தரையிறக்கிக் காட்டிய ஒரே பொருள் அதுதான்.

பொய்யர்களை நொரீன் நிறையப் பார்த்தவள். சாவு வீட்டில் சொல்லப்படும் பொய்களுக்கு ஒரு மன்னிப்பு உண்டு என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் "எனக்குத் திருப்தி" என்ற சொல்லை அந்த ஆய்வகத்தில் யாரும் சும்மா சொல்வதில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால், ஒருவர் எழுப்பிய சந்தேகத்தை இன்னொருவர் "சரியாகிவிட்டது" என்று முடித்துவைக்க, கலம் போய்ப் பாறையில் மோதிச் சிதறியது. அன்றிலிருந்து விதி: கேள்வி கேட்டவருக்குத்தான் கேள்வி சொந்தம். அவர் தன் வாயால் "எனக்குத் திருப்தி" என்று சொல்லும்வரை அது திறந்தே இருக்கும். கேள்வி திறந்திருந்தால் சோதனை இல்லை. ஆய்வகத்தில் மற்றெல்லாவற்றையும் வளைத்தார்கள். இதை மட்டும் யாரும் வளைத்ததில்லை. வெர்னின் கேள்வி ஒன்று திறந்தே கிடந்தது. அவர் இறந்தபோதும் அது திறந்துதான் இருந்தது. அதை கர்ட் இப்போது கேக்குக்கும் காப்பிக்கும் நடுவில் மூடிவிட்டான், அத்தனை பேரையும் சாட்சியாக வைத்து.

அந்தக் கேள்வி நொரீனுக்குச் சமையலறை மேசையில்தான் அறிமுகம். சூப் ஆறிக்கொண்டிருக்கும்; வெர்ன் பேசிக்கொண்டே இருப்பார்.

"செவ்வாயில இருக்கற காத்து, கலத்த எரிக்கறதுக்குப் போதும், நிறுத்தறதுக்குப் போதாது. அதான் தொல்லை. ஒரு கார் அளவு வண்டிய பாராசூட்ல இறக்கிட்டோம். சரி. இப்ப வீட்டை இறக்கணும். கர்ட் என்ன பண்றான்? அதே பாராசூட்டையே பெருசாத் தைக்கிறான். அவ்வளவு துணியும் விரிஞ்சு முடியறதுக்குள்ள வீடு தரைக்கு வந்துடும். அதனால சீக்கிரம் விரிய வைக்கிறேங்கறான். சீக்கிரம் விரிஞ்சா உச்சித் துணி மேல அடி எப்படி விழும்? நாங்க செயற்கையா காத்து அடிக்கற சோதனைச் சுரங்கத்துல நிதானமா விரிச்சுப் பார்த்து கை தட்டிக்கிட்டோம். அங்க அது இமைக்கற நேரத்துல விரியும். உச்சி தாங்குமாடான்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"போன தடவை தாங்குச்சேங்கறான்."

போன தடவை தாங்கியது. அந்த ஊரில் தேவாலயங்களுக்குக் குறைவில்லை. இருந்தாலும் ஆய்வகத்தில் எல்லா மதத்தவரும் ஒன்றாகச் சொல்லும் பிரார்த்தனை இதுதான்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, வண்டி நிறுத்துமிடத்தில் ரூபென் அரியாகா சாவியைத் தேடுவதுபோல் தன் பைகளைத் தடவிக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக வெர்னுக்குப் பக்கத்து மேசை அவனுடையது. ஆஸ்பத்திரிக்கும் பலமுறை வந்தவன்.

"கேட்டியா ரூபென்?"

"கேட்டேன்."

"அவரால பேச முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்." அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "விட்டுடுங்க நொரீன். வியாழக்கிழமை, அனுமதி தர்ற ஆய்வுக் குழு கூடுது. சோதனைக்கு நாள் குறிச்சாச்சு. டி-ஷர்ட் கூட அடிச்சுட்டாங்க."

"டி-ஷர்ட் அடிச்சுட்டா இயற்பியல் மாறிடுமா?"

"மாறாது. ஆனா தேதியும் மாறாதுல்ல."

அன்று மாலையே கர்ட் அவள் வீட்டுக்கு வந்தான். டூனா மீனும் நூடுல்ஸும் சீஸும் போட்டு அடுப்பில் வாட்டிய பண்டம் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அவன் கையில் இருந்தது. துக்க வீட்டுக்கு அந்த ஊரில் எல்லோரும் கொண்டுவருவது அதுதான். பாத்திரம் திரும்பி வரவேண்டுமே என்று அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். நொரீனின் குளிர்பெட்டியில் ஏற்கெனவே நாலைந்து பெயர்கள் அடுக்கப்பட்டிருந்தன.

"உள்ள வரலாமா நொரீன்?"

"வந்துட்டியே."

அவன் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். வெர்னின் நாற்காலியைப் பார்த்துவிட்டு, முகத்தைத் தகுந்தபடி மாற்றிக்கொண்டான். "உங்களுக்கு ஒரு சேதி. இந்தப் பாராசூட்டுக்கு வெர்னோட பேரை வைக்கிறோம். துணியிலேயே தச்சிருக்கு. விரியும்போது கேமராவுல தெரியும்."

"எதுக்கு?"

"மரியாதைக்கு."

"அந்தத் துணி தாங்காதுன்னு சொன்ன மனுஷன். அவர் பேரை அதே துணியில தைக்கிறது மரியாதையா? பிரிச்சிடு."

"தச்சாச்சு நொரீன். இப்ப பிரிச்சா துணி பலவீனமாயிடும்."

நொரீன் சிரித்துவிட்டாள். அவனுக்குச் சிரிப்பு எதற்கென்று புரியவில்லை. அவனும் மரியாதைக்குச் சிரித்துவைத்தான்.

"கர்ட், வியாழக்கிழமை குழு முன்னாடி நின்னு, வெர்ன் திருப்தின்னு சொல்லலன்னு சொல்லு. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"அவர் சொன்னாரு நொரீன். வார்த்தையா இல்லாம இருக்கலாம். அவர் கண்ணுல நான் பார்த்தேன்."

"அவர் கண்ணு மூடியிருந்தது."

"நிம்மதியா மூடியிருந்தது." கர்ட் முன்னால் குனிந்தான். "சரி, உங்களையே கேக்கறேன். அந்தக் கணக்கு உங்களுக்குப் புரியுமா? உச்சித் துணி கிழியும்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது. தாங்குமா கிழியுமான்னு எனக்குத் தெரியாது. அவருக்குத் திருப்தி இல்லைங்கறது மட்டும் தெரியும். சாப்பாட்டு மேசையில தினமும் கேட்டிருக்கேன். அவரோட சந்தேகம் அது. நீ எடுத்துப் பையில போட்டுக்க முடியாது."

கர்ட் எழுந்தான். வாசலில் நின்று, பாத்திரத்தை நூற்றெண்பது டிகிரியில் சூடு பண்ணச் சொல்லிவிட்டுப் போனான்.

ஓய்வுபெற்றவர்கள் ஆய்வுக் கூட்டங்களில் பின்வரிசையில் உட்காரலாம். பணியில் இருக்கும் ஒருவர் வாயிலில் கையெழுத்துப் போட வேண்டும். நொரீனுக்கு ரூபென் போட்டான். போட்டுவிட்டு அவளுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து போய்விட்டான். அவனுடைய அன்றைய வீரம் அந்தக் கையெழுத்தோடு தீர்ந்தது.

குழுத் தலைவி ஆக்னஸ் புல்லார்ட். எப்போதோ ஓய்வுபெற்றவள், இதற்கென்றே திரும்ப அழைத்து வருவார்கள். விளக்கவுரை நீண்டால் காது கேட்க உதவும் கருவியை அணைத்துவைப்பாள் என்று பெயர். கர்ட் முதலில் படம் போட்டுக் காட்டினான். செந்நிற வானத்தில் பாராசூட் பூ மாதிரி விரிந்தது. பின்னணியில் வயலின் இழைந்தது. மேசையைச் சுற்றியிருந்த படித்த மனிதர்கள் எல்லோரும் தாங்களே வரைந்த படத்தைத் தாங்களே பார்த்துக் கண் கலங்கினார்கள். கடைசிப் பக்கத்தில், "திறந்த கேள்விகள்: ஏதுமில்லை" என்று பச்சை எழுத்தில் இருந்தது.

ஆக்னஸ் காது கருவியைத் தட்டினாள். "வெர்ன் ஒண்ணு கேட்டிருந்தாரே?"

"முடிஞ்சாச்சு. ஆஸ்பத்திரியில அவரே திருப்தி சொல்லிட்டார். இங்க இருக்கற பாதிப் பேர் அதைக் கேட்டிருக்காங்க."

தலைகள் ஆடின. கேட்டது கர்ட் வாயிலிருந்து என்பதை அந்தத் தலைகள் அதற்குள் மறந்திருந்தன.

நொரீன் எழுந்தாள். "ஆக்னஸ், அன்னைக்கு என் புருஷன் தொண்டையில குழாய் இருந்தது. ஒரு சொல் பேச முடியாது. இவன் வந்து டிவிய மறைச்சுக்கிட்டு நின்னான். அவர் கண்ண மூடிக்கிட்டார். நடந்தது இவ்வளவுதான்."

"நொரீன், நீங்க துக்கத்துல இருக்கீங்க," என்றான் கர்ட், மிக மென்மையாக.

"ஆமா, துக்கத்துலதான் இருக்கேன். ஞாபகம் நல்லாத்தான் இருக்கு."

ஆக்னஸ் அவன் பக்கம் திரும்பினாள். "வாயால சொன்னாரா கர்ட்?"

"அந்த உணர்வுல..."

"வாயால."

கர்ட் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினான். "இல்ல."

"கண்ணால மூடற கேள்வி நம்ம விதியில கிடையாது. திறந்தே இருக்குன்னு எழுதிக்கோங்க."

நொரீனுக்கு ஒரு கணம் மூச்சு லேசானது. ஆனால் ஆக்னஸ் இன்னும் முடிக்கவில்லை.

"கேள்விக்கு உயிரோட ஒரு சொந்தக்காரர் வேணும். அதுவும் விதிதான். வெர்ன் இல்ல. வேற யாராவது இதை எடுத்துக்கறீங்களா?"

"நான் எடுத்துக்கறேன்," என்றாள் நொரீன்.

"மேசையில இருக்கற குழு உறுப்பினர்கள்தான் எடுத்துக்க முடியும். உனக்குத் தெரியாதா? அந்த வாக்கியத்தைத் திருத்திக் கொடுத்ததே நீதானே."

உண்மை. 'மேசையில்' என்பதற்கு முன்னால் ஒரு தேவையற்ற சொல்லை வெட்டியதுகூட அவளுக்கு நினைவிருந்தது.

ஆக்னஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருவருக்குத் திடீரென்று கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. இன்னொருவர் விரல்நகத்தில் எதையோ கண்டுபிடித்தார். வேறு கிரகத்துக்கு மனிதர்களை அனுப்பத் துணிந்த பெரியவர்கள். தங்கள் மேசையிலிருந்து ஒரு கையை ஒரு முழம் மேலே தூக்க அவர்களில் யாருக்கும் துணிவில்லை. ரூபென் மேசைக்கு அடியில் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்வை தன்னைக் கடந்து போனதும் அவன் தோள்கள் தளர்ந்ததை நொரீன் கண்டாள்.

"யாரும் இல்ல," என்றாள் ஆக்னஸ். அவள் குரலிலும் ஒரு கசப்பு. "சொந்தக்காரர் இல்லாத கேள்வி. மூடியாச்சு. சோதனைக்கு அனுமதி."

சோதனை நாளன்று நொரீன் கான்டீனுக்குப் போனாள். தன் கணவரின் பெயரை அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேறு வழி இல்லை. எல்லோரும் புது டி-ஷர்ட் அணிந்திருந்தார்கள். மார்பில் ஒரு பெலிகன், முதுகில் "வெர்னுக்காக". அவளுக்கும் ஒன்று நீட்டினார்கள். அவள் அதை மடித்து நாற்காலியில் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

கடலுக்கு மேலே, காற்று செவ்வாயைப்போல் மெலிந்திருக்கும் உயரத்துக்கு, ஒரு ராட்சத பலூன் கலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அங்கிருந்து ராக்கெட் அதை ஒலியைவிட வேகமாக விரட்டியது. திரையில் வானம் கறுப்பாக இருந்தது. பாராசூட் வெளியே பாய்ந்தது.

விரிந்தது. வயலின் இல்லாமலே விரிந்தது. ஆரஞ்சு வெள்ளை வளையங்களுக்கு நடுவே வெர்னின் பெயர் தெளிவாகத் தெரிந்தது. கான்டீன் கத்தியது. நொரீன் தன்னையறியாமல் முன்னால் சாய்ந்தாள். தாங்கிவிடட்டும் என்று ஒரு நொடி அவளும் நினைத்தாள். வெர்னும் அதைத்தான் விரும்பியிருப்பார். சொன்னது பலிக்க வேண்டும் என்று அலைகிற ஆள் இல்லை அவர்.

உச்சியில் ஒரு கீறல். அடுத்த நொடி துணி என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. கந்தல்கள் மட்டும் கயிறுகளின் நுனியில் படபடத்தன. அவர் பெயரின் ஒரு பாதி ஒரு கந்தலிலும், மறுபாதி இன்னொன்றிலும் தொங்கின. கலம், யாரையும் கேட்காமல், கடலுக்குப் போய்ச் சேர்ந்தது.

கர்ட் ஒலிவாங்கியை எடுத்தான்.

"நண்பர்களே, இது ஒரு மகத்தான வெற்றி. நாம தெரிஞ்சுக்கணும்னு நினைச்சதுக்கு மேல தெரிஞ்சுக்கிட்டோம்!"

முதலில் ஒருவர், பிறகு எல்லோரும் கை தட்டினார்கள். தட்டத் தட்ட அவர்களுக்கே நம்பிக்கை வந்தது. கேக்கை வெட்டினார்கள். இந்தக் கேக்கும் பாராசூட் வடிவத்தில்தான் இருந்தது, கிழியாமல்.

மாலைச் செய்தியில் கர்ட் வந்தான். "எங்கள் மறைந்த நண்பர் வெர்ன் ஹாஸ்கல் இந்த ஆபத்தை முன்பே கணித்தார். ஒரு வகையில் இது அவருடைய சோதனை. அவர் சொல்லை நாங்கள் எப்போதும் மதித்தோம்." நொரீன் தொலைக்காட்சியை அணைத்தாள். உயிரோடு இருந்தபோது வெர்னுக்கு ஒரு பதவி உயர்வுகூடக் கொடுக்காதவர்கள், செத்த பிறகு அவரை ஓயாமல் வேலை வாங்கினார்கள். போன வாரம் சம்மதம் சொல்ல, இந்த வாரம் எச்சரிக்கை சொல்ல.

சில நாள் கழித்து ரூபென் வந்தான். கேரேஜுக்கு முன்னால், சிமெண்டுத் தரையில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"நான் அந்தக் கேள்விய எடுத்துக்கிட்டேன் நொரீன். இன்னைக்குக் கூட்டத்துல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

"எந்தக் கேள்விய?"

"உச்சித் துணி தாங்குமாங்கறது."

நொரீன் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அது கடலுக்கடியில கிடக்குதே ரூபென். மீனைக் கேட்டாக்கூட பதில் சொல்லும். விடை தெரிஞ்ச கேள்விக்குச் சொந்தக்காரனா வர இவ்வளவு தூரம் வண்டி ஓட்டினியா?"

அவன் முகம் சிவந்தது. "திட்டுங்க. எனக்கு வேணும்."

"திட்டினா உனக்குச் சௌகரியமா இருக்கும். வீட்டுக்குப் போய்த் தூங்குவ." அவள் கதவில் சாய்ந்தாள். "கர்ட் இப்ப என்ன பண்றான்?"

"பாராசூட்ட கைவிட்டாச்சு. வேகமா இறங்கும்போதே எதிர்க்காத்துல ராக்கெட்ட எரிச்சு வேகத்தைக் குறைக்கப் போறோம். புதுப் பேரு மீன்கொத்தி."

"வெர்ன் சொல்லிச் சொல்லிப் பார்த்த வழி அது. பேரு நல்லாத்தான் இருக்கு; தலைகீழா விழற பறவை." சற்று நிறுத்தினாள். "அதுல ஏதாவது உன்ன உறுத்துதா?"

ரூபென் தொப்பியின் மேல் விரலால் ஏதோ வரைந்தான். யோசிக்கும் அந்த விதம் நொரீனுக்குப் பழக்கமானது. சாப்பாட்டு மேசையில் எத்தனையோ வருஷம் பார்த்தது.

"எரியற நெருப்பை எதிர்க்காத்து மடக்கித் திருப்பும்," என்றான் கடைசியில். "அது ஒரு பக்கமா மட்டும் மடங்கினா, கலம் சாஞ்சுடும். சின்ன மாதிரியில பார்த்தோம், சாயல. பெருசுல... யாருக்கும் தெரியாது."

"கேட்டியா?"

"இன்னும் இல்ல."

"எப்ப கூட்டம்?"

"திங்கக்கிழமை. ஆனா கர்ட் ஏற்கெனவே தேதி..."

"டி-ஷர்ட்டும் அடிச்சிருப்பான்." அவள் உள்ளே போய், குளிர்பெட்டியிலிருந்து கர்ட்டின் பாத்திரத்தை எடுத்து வந்தாள். ஒரு கரண்டிகூடப் படாமல் அப்படியே இருந்தது. அடியில் டேப்பில் அவன் பெயர். அதை ரூபெனின் கைகளில் வைத்தாள். "திங்கக்கிழமை இதை அவன்கிட்ட குடு. குடுத்துட்டு உன் கேள்வியக் கேளு. அவன் என்ன சொன்னாலும் நீ என்ன சொல்லணும்?"

"எனக்குத் திருப்தி இல்ல," என்று ரூபென் பாத்திரத்திடம் சொன்னான்.

"எனக்கே கேக்கல. ஆக்னஸ் காது கருவிய அணைச்சு வச்சிருப்பா."

"எனக்குத் திருப்தி இல்ல."

"வெர்னோட பக்கத்து மேசையில இருபது வருஷம் உக்காந்திருந்தியே. அவர் இப்படியா முனகுவார்?"

ரூபென் நிமிர்ந்தான். கையில் ஆறிப்போன நூடுல்ஸோடு, வெயிலில் கண் சுருங்க, அந்தத் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். எதிர் வீட்டு நாய் குரைத்தது.

நொரீன் அவனை உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவையும் மூடவில்லை.

"இன்னொரு தடவை," என்றாள்.